மிதிக்கிற வேலை

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இருபத்தாறு வருடத்தில் அவள் ஏறி உட்காராத டிரைவர் சீட் இல்லை. லாரி, வேன், ஜீப், பள்ளிக்கூட பஸ், ஒரு தடவை பிணம் ஏற்றும் வண்டி. எதையும் ஓர் அடிகூட நகர்த்தியதில்லை. அவளுடைய பிழைப்பு ஸ்டியரிங்கில் இல்லை, இடது காலில் இருந்தது. தெருவில் அவளுக்கு மிதியக்கா என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் எதிர்வீட்டுக்காரியே ஒரு நிமிடம் யோசிப்பாள்.

புருஷன் மெக்கானிக். பழைய வண்டிகளின் கிளட்சுக்கென்றே பெயர் எடுத்தவர். அவர் பார்க்கிற வண்டிகளில் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் கம்பி கிடையாது, எண்ணெய்தான். பெடலை மிதித்தால் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும். அந்த எண்ணெய் போய், கீழே கியர்பெட்டி ஓரத்தில் இருக்கும் சின்ன சிலிண்டரைத் தள்ளும். அது கிளட்சைப் பிரிக்கும். அப்போதுதான் கியர் போட்டிருந்தாலும் வண்டி இருந்த இடத்திலேயே நிற்கும். மிதித்த கால் மிதித்தபடி இருக்கிற வரைக்கும் எண்ணெய் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது. அது நகர்ந்தால் வண்டி நகரும். கிளட்ச் சாஸ்திரம் மொத்தமும் இவ்வளவுதான்.

அந்த எண்ணெய்க்குள் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற வேண்டும். ஏர் எடுப்பது என்பார்கள். அது இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒரு சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். இன்னொருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். கீழிருந்து "அமுக்கு" என்று வரும். மேலிருந்து "பிடிச்சாச்சு". திருகு திறக்கும், எண்ணெயோடு காற்று சீறும், திருகு மூடும். "விடு". "விட்டாச்சு". கல்யாணமான மூன்றாவது மாதம், ஆள் வராத ஒரு நாளில், கொஞ்சம் வந்து மிதித்துவிட்டுப் போ என்று அவர் கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அந்தக் கொஞ்சம்தான் இருபத்தாறு வருடமாக நீண்டது.

மிதித்து மிதித்து அந்தக் காலுக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. பெடல் பஞ்சாக அமுங்கினால் ஏர். நாலு தடவை அடித்து மிதித்தால் மேலே ஏறி வருகிறதா, அதுவும் ஏர்தான். மிதிக்கும்போது நன்றாக இருந்து, பாதியில் பிடித்து நிறுத்தினால் தானாக மெல்ல இறங்கிப் போகிறதா, மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. எண்ணெய் வாஷரைத் தாண்டி வந்த வழியே திரும்பிவிடுகிறது. இருப்பதிலேயே பொல்லாத வியாதி இது. வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, டப்பாவில் எண்ணெய் குறையாது, பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கண் உதவாது. அதனால் ஒவ்வொரு வேலையின் முடிவிலும் அவர் கீழிருந்து கேட்பார்: "நிக்குதா, இறங்குதா?" அவள் பாதி மிதித்துப் பிடித்து, மனதுக்குள் அறுபது எண்ணிவிட்டு, "நிக்குது" என்பாள். அதற்குப் பிறகுதான் அவர் வெளியே வருவார்.

முதலில் அவருக்கு இதில் பெருமைதான். என் பெண்டாட்டி காலில் மீட்டர் இருக்கிறது என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். வருகிறவர்கள் அவரை விட்டுவிட்டு அவளிடம் கேட்கத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு புளித்தது. ஒரு நாள் ஒரு ஜீப் வந்தது. நாலு பேர் நிற்கிறார்கள். அவர் பார்த்துவிட்டு ஏர் என்றார். அவள் சீட்டில் இருந்தபடியே, ஏர் இல்லை, மேலே வாஷர் போயிருக்கிறது என்றாள். ஜீப்காரர் வாய் சும்மா இராமல், போர்டில் அக்கா பெயரையே எழுதிவிடலாம் போலிருக்கிறதே என்றார். மெக்கானிக்கின் முகம் சுண்டிவிட்டது.

"நீ மிதிக்கிற வேலைய மட்டும் பாரு," என்றார்.

மாஸ்டரைப் பிரித்துப் பார்த்தால் வாஷர்தான். வினையே அங்கேதான். அவள் சொன்னது தப்பாக இருந்திருந்தால் சண்டை அன்று சாயங்காலமே தீர்ந்திருக்கும். சரியாகப் போனதால் இரண்டு பேருக்கும் இறங்கி வர வழியில்லாமல் போயிற்று.

வீம்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, அவரும் அவளுக்குச் சளைத்தவர் இல்லை. பேச்சு நின்றது. தட்டு வைக்கிற சத்தத்தில் சாப்பாடு ஆகிவிட்டது என்று அவர் தெரிந்துகொண்டார். ஆனால் ஏர் எடுக்கிற வேலை சைகை இல்லாமல் நடக்காதே. அதற்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அடியிலிருந்து ஸ்பேனரால் வண்டிச் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினால் அமுக்கு. இரண்டு தட்டு என்றால் விடு. அவள் பதிலுக்கு விரலை மடக்கிக் கதவில் தட்டுவாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பெரிய மனிதர்கள் இரண்டு பேரும் இப்படித் தட்டிக்கொண்டே பன்னிரண்டு நாள் ஓட்டினார்கள். அக்காவும் அண்ணனும் தந்தி அடிக்கிறார்கள் என்று தெரு சிரித்தது. அமுக்குவதற்கு ஒரு தட்டு இருந்தது, விடுவதற்கு இரண்டு தட்டு இருந்தது. இறங்குகிறது என்று சொல்வதற்கு மட்டும் தட்டு இல்லை. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவளுடைய தம்பி தன் வேனைக் கொண்டுவந்தான்.

கூடப் பிறந்த தம்பிதான், ஆனால் அவள் பெறாமல் பெற்ற பிள்ளை. அம்மா போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு ஒன்றரை வயது, இவளுக்குப் பதினொன்று. இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தாள். இப்போது ஒரு கிடங்குக்குச் சரக்கு ஓட்டுகிறான். வேனுக்கு அவனைவிட இரண்டு வயதுதான் குறைவு. காலையில் முதல் கியர் விழ மாட்டேன் என்கிறது, கரகரவென்று கத்துகிறது என்றான். கூடவே நெட்டையன் வந்திருந்தான். கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன், வேனுக்குள் நுழைய மூன்றாக மடிய வேண்டிய உயரம். புருஷனும் பெண்டாட்டியும் தட்டிக்கொள்வதைப் பார்த்ததும் அவனுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"அக்கா, எத்தனை தட்டு தட்டுனா டீ வரும்?" என்றான்.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கீழே இருக்கிறவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெக்கானிக் கீழ் சிலிண்டரின் ரப்பர் உறையை உரித்துப் பார்த்தார். உள்ளே ஈரம். வாஷரை மாற்றினார். பிறகு ஏர் எடுத்தார்கள். சிலிண்டரைக் கழற்றி மாட்டியதால் காற்று லேசில் போகவில்லை. ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று நாற்பது தடவைக்கு மேல் அடிவரைக்கும் மிதித்தாள். கடைசியில் குமிழ் இல்லாமல் எண்ணெய் வந்தது. அவர் திருகை இறுக்கிவிட்டு, எங்காவது கசிகிறதா பார்ப்பதற்காக இன்னொரு தட்டு தட்டினார். அவள் பழக்கப்படி பாதி மிதித்துப் பிடித்து எண்ணத் தொடங்கினாள். முப்பதைத் தாண்டியபோது கால் இறங்கியது. அதிகம் இல்லை, ஒரு விரல் கனம். அவள் அமுக்கவில்லை. அதுவாக இறங்கியது.

குனிந்து பார்த்தாள். வண்டிக்கு வெளியே அவருடைய கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு செருப்பு கழன்று கிடந்தது. "இறங்குது" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சொன்னால் முதலில் வாய் திறந்தவள் அவளாகிவிடுவாள். பன்னிரண்டு நாள் கட்டிக் காத்ததெல்லாம் தண்ணீரில் கரைந்துவிடும். நிக்குதா, இறங்குதா என்று அவர் கேட்டால் பதிலாகச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. கேட்டால் முதலில் வாய் திறந்தவர் அவராகிவிடுவாரே. இரண்டு தட்டு வந்தது. காலை எடுத்தாள். கதவில் தட்டினாள்.

மிதிக்கிற வேலையை மட்டும் பார்க்கச் சொன்னார் இல்லையா, பார்த்தாயிற்று என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே கீழே இறங்கினாள். அவர் ஏறி உட்கார்ந்து சட்சட்டென்று மூன்று தடவை மிதித்தார். கல்லு மாதிரி இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று மச்சானிடம் சொன்னார். அவரே பார்த்துவிட்டார், இனி நமக்கென்ன என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேனை எடுத்துப் போன ஒன்பதாம் நாள் மத்தியானம் அது நடந்தது. கிடங்கின் பின்பக்கம் சுவரோரமாகச் சரக்கு இறக்குகிற இடம். காலையிலிருந்து ஓடி ஓடி எஞ்சின் கொதித்துக் கிடந்தது. சுவருக்கு மூன்றடி தள்ளி வேன் நின்றது. முன்னால் ஒரு மரப்பலகை கிடந்தது. அதை எடுத்தால் இன்னும் உள்ளே தள்ளி நிறுத்தலாம் என்று நெட்டையன் சுவருக்கும் வேனுக்கும் நடுவில் போய்க் குனிந்தான். தம்பி எஞ்சினை அணைக்காமல் முதல் கியரில் போட்டு, கிளட்சை அடிவரை மிதித்துப் பிடித்தபடி, கையில் சரக்குச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைபிரேக் போடவில்லை. சமதரை, ஒரு நிமிட வேலை, எந்த டிரைவர் போடுவான்? வேன் தானாக முன்னால் போனது. பிரேக்கை மிதிப்பதற்குள் அந்த மூன்றடி தீர்ந்துவிட்டது. குனிந்தவன் நிமிரவேயில்லை.

தம்பி எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொன்னான், கிளட்சிலிருந்து காலை எடுக்கவேயில்லை என்று. போலீசில் சொன்னான், கிடங்குக்காரரிடம் சொன்னான், சவக்கிடங்கின் வாசலில் சொன்னான். காலை எடுக்காமல் வண்டி எப்படிப் பாயும் என்று கேட்டவர்களிடமும் அதையேதான் திரும்பச் சொன்னான். மறுநாள் காலையில் வண்டி ஆய்வாளர் வந்தார். எஞ்சின் ஆறிக் கிடந்தது. மூன்று தடவை மிதித்தார், கியர் போட்டுப் பார்த்தார், டப்பாவில் எண்ணெய் பார்த்தார், குனிந்து ஒழுகல் பார்த்தார். குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு ஊர் முழுக்கப் பேச்சு ஒன்றுதான். பையன் அசந்துவிட்டான், கால் எடுத்துவிட்டது.

செய்தி காதில் விழுந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதது போல இருக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆய்வாளரே குறை இல்லை என்று எழுதிவிட்டார், அவர் படித்தவர், நாம் என்ன கண்டோம் என்று சொல்லிக்கொண்டாள். ஒரு விரல் கனம்தானே, அன்றைக்குக் கால் அசந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இருபத்தாறு வருடமாகப் பொய் சொல்லாத கால் அன்றைக்கு மட்டும் ஏன் பொய் சொல்லப்போகிறது என்று கேட்க உள்ளே ஒரு குரல் இருந்தது. அதன் வாயை அடைத்துவிட்டு வீட்டைப் பெருக்கினாள்.

ஜாமீனில் விட்டதும் தம்பி இவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். முன்னறைக் கட்டிலில் படுக்கை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான், குளிக்கச் சொன்னால் குளித்தான். மற்ற நேரமெல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இடது காலால் தரையை அமுக்கிப் பிடிப்பான். கொஞ்ச நேரம் கழித்து எடுப்பான். மறுபடி அமுக்குவான். என்னடா செய்கிறாய் என்று கேட்டதற்கு, அன்றைக்கு எப்படி வைத்திருந்தேன் என்று பார்க்கிறேன் என்றான். முதல் வாரம், எடுக்கவில்லை அக்கா, சத்தியமாக எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாவது வாரம் அது குறைந்தது. மூன்றாவது வாரம், எல்லோரும் சொல்கிறார்களே, எடுத்திருப்பேனோ என்றான். அவள் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. மாமாவைச் சாப்பிடக் கூப்பிடு, அக்காவிடம் சாவியைக் கொடு என்று எல்லாம் அவன் மூலமாகவே நடந்தது. ஆனால் இது பழைய வீம்பு இல்லை. இப்போது ஒருவர் வாயைத் திறந்தால் என்ன வெளியே வருமோ என்று மற்றவருக்குப் பயம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த வீட்டில் இரண்டும் ஒரே கூரைக்கு அடியில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்துத் தூங்கின.

அது நடந்த இருபதாம் நாள் நெட்டையன் பெண்டாட்டி வந்தாள். சின்ன உருவம், அவன் தோளுக்குக்கூட இருந்திருக்க மாட்டாள். அழுது ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றாள்.

"நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீ கால எடுத்தியா, எடுக்கலையா?"

தம்பி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியல," என்றான்.

"எடுத்தேன்னு சொன்னா உன்னைத் திட்டிட்டுப் போயிடுவேன். எடுக்கலைன்னு சொன்னா விதின்னு போயிடுவேன். தெரியலைன்னா நான் எங்க போறது?"

அவள் படி இறங்கிப் போன பிறகு தம்பி இன்னொரு தடவை தரையை அமுக்கிப் பார்த்தான். பிறகு, நாலு நாளில் கோர்ட்டு வருகிறது, எடுத்தேன் என்றே சொல்லிவிடுகிறேன், அந்தப் பெண்ணுக்காவது ஒரு பதில் கிடைக்கும் என்றான். சொன்னபோது அவன் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அக்காவால் அங்கே நிற்க முடியவில்லை. நேராகப் பட்டறைக்குப் போனாள்.

மெக்கானிக் ஒரு கிளட்ச் பிளேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு இறங்குச்சு," என்றாள்.

நாற்பத்தோரு நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. எந்த வண்டி, என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டார். ஒரு விரல் என்றாள். பிளேட்டைக் கீழே வைத்தார். பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்தார்.

"ஏன் சொல்லல?"

"மிதிக்கிற வேலைய மட்டும் பாக்கச் சொன்னீங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நானும் கேக்கல," என்றார்.

என்ன நடந்திருக்கும் என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓட்டுகிறவன் தினமும் மிதிக்கும்போது பழைய மாஸ்டருக்குள் வாஷர் ஒரே இடத்தில்தான் ஓடும். அதற்கு அப்பால் சிலிண்டர் சுவரில் வருடக்கணக்காகத் துரு ஏறிக் கிடக்கும். ஏர் எடுக்கும்போது திருகு திறந்திருக்க அடிவரைக்கும் மிதித்தால் வாஷர் அந்தத் துருவில் போய் உரசிக் கிழியும். நாற்பது தடவை உரசியிருக்கிறது. ஆறின எண்ணெய் கெட்டியாக இருப்பதால் கிழிசலில் லேசாகத்தான் புகும். சூடேறி இளகினால் வேகமாகக் கசியும். சட்டென்று மிதித்தால் கல்லு மாதிரி இருக்கும், பிடித்துக்கொண்டே இருந்தால் கைவிட்டுவிடும். இதற்காகத்தானே நிக்குதா, இறங்குதா என்று இருபத்தாறு வருடமாகக் கேட்டுவந்தார். கேட்காமல் விட்டது தட்டிக்கொண்டிருந்த அந்தப் பன்னிரண்டு நாள்தான்.

பட்டறை அவருக்கு உயிர். போர்டில் இருப்பது அவருடைய அப்பா பெயரும் அவர் பெயரும். அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. ஆய்வாளர் ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டார்.

மறுநாள், வேனில் கோளாறு இருக்கும் போலிருக்கிறது என்று மட்டும் தம்பியிடம் சொல்லி, மூன்று பேருமாகப் போனார்கள். எழுதிக் கொடுத்தாயிற்று, இனி என்ன என்று ஆய்வாளர் எரிந்து விழுந்தார். என் கடையில் வேலை பார்த்த வண்டி, என் வேலையில்தான் தப்பு இருக்கிறது, இன்னொரு தடவை பாருங்கள் என்று மெக்கானிக் கைகூப்பினார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள ஒருவன் தேடி வந்ததை ஆய்வாளர் தன் சர்வீசில் பார்த்ததில்லை போலிருக்கிறது. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

ஆபீசின் பின்புறம் வேன் தூசி படிந்து நின்றது. பின் சக்கரங்கள் தரையில் படாமல் ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். எஞ்சினை முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, இடையிடையே பெடலை மிதித்து மிதித்துச் சூடாக்கினார்கள். பிறகு அவள் ஏறி, தம்பி அன்றைக்கு உட்கார்ந்திருந்த சீட்டில் உட்கார்ந்தாள். அடிவரைக்கும் மிதித்துப் பிடித்தாள். ஆய்வாளர் கையை நீட்டி முதல் கியரில் போட்டார். பின் சக்கரங்கள் அசையாமல் நின்றன.

ஒரு நிமிடம் போனது. ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் காலுக்கு அடியில் பெடலின் எதிர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. வருகிறது என்றாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இரண்டாவது நிமிடம் முடிகிற நேரத்தில் ஒரு சக்கரம் லேசாக உதறியது. பிறகு சுற்றத் தொடங்கியது.

தம்பி ஓடிவந்து திறந்திருந்த கதவருகே மண்டியிட்டான். அவள் பாதம் பெடலோடு பெடலாகத் தரையில் அழுந்திக் கிடந்தது. இரண்டு கையாலும் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான்.

"கீழதான் இருக்கு. சார், கால் கீழதான் இருக்கு பாருங்க சார்."

இருபது நாளாக வராத அழுகை அப்போது வந்தது. சின்ன வயதில் இடுப்பில் இருந்து அழுத அதே அழுகை. அவளும் அழுதாள். ஆய்வாளர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து காலைப் பார்த்தார், நிமிர்ந்து சக்கரத்தைப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

"இவ்வளவு சூடாக்கி, இவ்வளவு நேரம் பிடிக்கணும்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

மெக்கானிக் முந்திக்கொண்டு, நான்தான் சார் நேற்று யோசித்துப் பார்த்து என்று தொடங்கினார். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அவள் விட்டிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு தடவை சொல்லாமல் விட்டது ஓர் ஆளைத் தின்றுவிட்டதே.

"இல்ல சார். வேலை முடிஞ்ச அன்னைக்கே என் கால் இறங்குச்சு. எனக்கு அப்பவே தெரியும். எங்களுக்குள்ள பேச்சு இல்ல, அதனால சொல்லல."

கணுக்காலைப் பிடித்திருந்த கைகள் விட்டுப் போயின. அவன் எழுந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை, வேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆய்வாளர் எழுதிக்கொண்டே என்னென்னவோ கேட்டார், மெக்கானிக் பதில் சொன்னார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தம்பி பத்தடி முன்னாலேயே நடந்தான். வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்துத் துணிகளை அடுக்கினான். அவள் வாசற்படியில் நின்றாள். திட்டுவான், அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள். அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு நேராக வந்து நின்றான்.

"இருபது நாளா என் கால நானே நம்பல, அக்கா. நீ பக்கத்துல உக்காந்து சோறு போட்டுக்கிட்டு இருந்த."

அவ்வளவுதான் சொன்னான். அவள் விலகி வழிவிட்டாள்.

வழக்குத் தாளில் தம்பியின் பெயர் இருந்த இடத்தில் மெக்கானிக்கின் பெயர் வந்தது. பட்டறைக்குப் பூட்டு விழுந்தது, போர்டு இறங்கியது. தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவள் இரண்டு தடவை வக்கீலிடம் கேட்டுப் பார்த்தாள். வேலை பார்த்தது மெக்கானிக், நீங்கள் சும்மா மிதித்தவர்தானே, அதற்கு எந்தப் பிரிவில் போடுவது என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். தம்பி காலை எடுக்கவில்லை என்று நெட்டையன் பெண்டாட்டிக்கு ஆள் மூலம் செய்தி சொல்லி அனுப்பினாள். சரி என்று ஒரு சொல் திரும்பி வந்தது.

தீர்ப்பு வருகிற வரைக்கும் மெக்கானிக் வேறொருவர் ஷெட்டில் கூலிக்குப் போகிறார். அவளும் கூடப் போகிறாள். இப்போது தட்டுவது இல்லை. நிக்குதா என்று அவர் ஒன்றுக்கு நாலு தடவை கேட்கிறார். அவள் அறுபதுக்குப் பதில் முந்நூறு எண்ணிவிட்டுச் சொல்கிறாள். மற்ற மெக்கானிக்குகள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் தம்பிக்கு ஒரு போன் போடுவாள். மணி அடித்து அடித்து ஓயும். அவன் எடுக்க மாட்டான். பேசாமல் இருப்பது எப்படி என்று அவனுக்கு வெளியார் யாரும் சொல்லித்தரவில்லை. இடுப்பில் வைத்து வளர்த்தவளிடம்தான் கற்றுக்கொண்டான்.